முதுகில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்குத் திரும்பிவிட்டதா?

மதுரைப் பக்கமிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சாரத்தை மட்டும் தருகிறேன்.

வங்கியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாகக் கீழ்முதுகில் வலி. சில நாள் வலது பக்கப் பிட்டம் வரை இறங்கும், காலுக்குப் போனதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், எல்5-எஸ்1-இல் லேசான தேய்மானம்’ என்று வந்திருக்கிறது. அதாவது கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) ஓர் இடத்தில் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, அதற்கு அடுத்த இடத்தில் லேசாகத் தேய்ந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்து, “குனியாதீங்க, தரையில உட்காராதீங்க, வெயிட் தூக்காதீங்க” என்றிருக்கிறார். அன்றோடு காலை நடை நின்றது, வாசலில் கோலம் போடுவது நின்றது, கோயிலுக்குப் போனால் பிரகாரம் சுற்றுவதும் நின்றது. எடை ஏழு கிலோ கூடியது. சர்க்கரை மாத்திரையின் அளவும் கூடியது.

மூன்று மாதம் முன்பு, உடன் வேலை செய்பவர் சொல்லி ஒரு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) மையத்துக்குப் போயிருக்கிறார். முதல் நாள் முதுகில் ‘டக் டக்’ என்று சத்தம். எழுந்தபோது உடம்பே லேசாகிவிட்டதாம். இரண்டு நாள் வலியே இல்லை. அப்புறம் பழையபடி வந்துவிட்டது. முழு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்து, “மூணு இடத்துல எலும்பு நகர்ந்திருக்கு, சரி பண்ணினா செரிமானம், சர்க்கரை எல்லாமே சரியாகும்” என்று சொல்லி, 30 முறைக்கு 45,000 ரூபாய் பேக்கேஜ் பேசியிருக்கிறார்கள். 15,000 முன்பணம் கட்டி, 6 முறை போயாயிற்று. அடுத்த முறையிலிருந்து கழுத்துக்கும் செய்வார்களாம். கூன் போட்டு உட்காருகிறாள் என்பதால் 12 வயது மகளையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். கணவர் “இது சுத்த ஏமாற்று” என்கிறார். “ஆனால் அந்த இரண்டு நாள் நிம்மதி பொய்யில்லையே டாக்டர்? எலும்பு உண்மையிலேயே நகர்கிறதா? தொடரட்டுமா, விடட்டுமா? பல்ஜ் இருக்கும்போது நான் நடக்கலாமா?” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். நடக்கலாம். நடக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த மையம் இல்லை. இரண்டு வருடமாக நீங்கள் குனியவில்லை, நடக்கவில்லை, தரையில் உட்காரவில்லை என்ற செய்திதான். உங்கள் முதுகுக்கு ஆன கெடுதலில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து உங்களுக்கும் கணவருக்கும் நடுவில் இருக்கும் வழக்கு. அந்த இரண்டு நாள் நிம்மதி நிஜம். கையால் மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய்ச் சட்டென்று ஒரு சின்ன அழுத்தம் கொடுக்கும்போது, சுற்றியுள்ள இறுகிய தசைகள் தளர்கின்றன, வலிச் செய்தி கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உதவக்கூடிய முறைகளில் ஒன்றாக இந்தக் கைச்சிகிச்சையும் இருக்கிறது. ஆகவே சுத்த ஏமாற்று என்று கணவர் சொல்வது சரியில்லை. ஆனால் அதே பட்டியலில் முறையான உடற்பயிற்சியும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதும் இருக்கின்றன. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: கைச்சிகிச்சை தருவதானால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தர வேண்டும், தனியாக வேண்டாம் என்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, நாள்பட்ட முதுகு வலியில் கைச்சிகிச்சையின் பலன், உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளின் பலனோடு ஏறக்குறைய சமம். அவற்றை மிஞ்சுவதில்லை. உங்களுக்கு 6 முறை சத்தம் வந்திருக்கிறது. ஒரு முறைகூட யாரும் ஒரு பயிற்சி சொல்லித் தந்ததாகக் கடிதத்தில் இல்லை. என் குறை அங்கேதான்.

எலும்பு நகரவில்லை

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில், டி.டி. பால்மர் என்பவர் காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்து, காது கேட்க வைத்ததாகச் சொன்னார். கைரோபிராக்டிக் தொடங்கியது அப்படித்தான். முதுகெலும்புகள் இடம் விலகி நரம்பை அமுக்குவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் கொள்கை. உங்களிடம் ‘சர்க்கரையும் சரியாகும்’ என்று சொன்னதன் வேர் அந்தப் பழைய கொள்கையில் இருக்கிறது. கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் அதிகாரபூர்வ கவுன்சிலே 2010-இல், எலும்பு விலகல் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது. இன்று நன்றாகப் படித்த கைரோபிராக்டர்கள் பலரும் முதுகு வலி, கழுத்து வலியோடு நின்றுகொள்கிறார்கள், உடற்பயிற்சியும் கற்றுத்தருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

அப்படியானால் அந்தச் சத்தம்? நாம் விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குமிழ் உருவாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, அந்தக் கணத்தைப் படமாகவே எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு முறை நெட்டி விழுந்தால் அதே விரலில் உடனே மறுபடி விழாது, இருபது நிமிடம்போல ஆகும். இதை நீங்களே செய்து பார்க்கலாம். எலும்பு இடத்துக்குப் போய்ச் சேரும் சத்தம் என்றால், நல்ல விரலில் அது ஏன் வர வேண்டும்?

முதுகில் அசையும் எலும்புகள் 24. தடித்த தசைநார்களும் டிஸ்க்குகளும் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவை உண்மையிலேயே இடம் விலகுவது பெரும்பாலும் விபத்தில். அப்போது ஸ்ட்ரெச்சரில் போக வேண்டியிருக்கும், ஸ்கூட்டியில் போக முடியாது. எக்ஸ்ரேயில் காட்டிய சின்னச் சாய்வுகள் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். நிற்கும் விதம் கொஞ்சம் மாறினாலே படமும் மாறும். ‘எவ்வளவு சரியாகியிருக்கிறது பார்ப்போம்’ என்று மறுபடி முழு முதுகு எக்ஸ்ரே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பயனில்லாத கதிர்வீச்சு அது.

சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். மருந்துக்கடையில் நேரே வாங்கிப் போடும் வலி மாத்திரையைத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆபத்து கூடுதல். எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் அதைச் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. 50 வயதில் இன்னும் அதிகம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது! உங்கள் வங்கியில் உங்கள் வயதில் இருக்கும் எல்லோரையும் ஸ்கேன் எடுத்தால், பாதிப் பேருக்கு உங்களுடையது போன்ற தாள்தான் வரும். நரைமுடி மாதிரி வயதோடு வருவது இது. ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று சொல்லும்போது ஏதோ கழன்று தொங்குவதுபோல் மனதில் படம் விழுந்துவிடுகிறது, அந்தப் பயத்தில் முதுகுத் தசை எப்போதும் விறைத்தே இருக்கிறது. நடந்தால் பல்ஜ் வெடித்துவிடும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படி நடப்பதில்லை. ஜவ்வு பிதுங்கி வெளியே வந்த கேஸ்களிலேயே, பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் மாதக்கணக்கில் அது தானாகச் சுருங்கிவிடுகிறது.

டிஸ்க்கைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி போய்விடும். வளர்ந்தவர்களின் டிஸ்க்கின் உட்பகுதிக்கு ரத்தக்குழாய் கிடையாது. சத்தும் நீரும் அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். பகலில் நிற்கும்போதும் உட்காரும்போதும் நீர் மெல்ல வெளியேறுகிறது, இரவில் படுத்ததும் மறுபடி ஊறுகிறது. அதனால்தான் காலையில் எழும்போது நாம் எல்லோரும் மாலையைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். இந்தப் போக்குவரத்துக்கு அசைவு வேண்டும். ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது டிஸ்க்குக்கு ஓய்வாகாது. பெல்ட்டும் அப்படித்தான். நாள்பட்ட வலிக்கு வழக்கமாக பெல்ட் போடுவதை அதே 2023 வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது, இழுவைச் சிகிச்சையையும் சேர்த்து. முதல் மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகள் வலி கடுமையாக இருந்த முதல் சில நாட்களுக்குப் பொருந்தும். எப்போது மறுபடி தொடங்கலாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்களும் இரண்டு வருடம் காத்திருந்துவிட்டீர்கள்.

இனி என்ன செய்வது

நடையிலிருந்து ஆரம்பியுங்கள். ஆஸ்திரேலியாவில், முதுகு வலி வந்து குணமான 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு, படிப்படியாகக் கூடும் நடைத் திட்டம். இன்னொரு பிரிவுக்கு ஒன்றுமில்லை. வலி திரும்ப வர முதல் பிரிவில் பாதிப் பேருக்கு 208 நாள் ஆனது, மற்றதில் 112 நாள். செருப்பைத் தவிர செலவில்லாத வைத்தியம் இது. முதல் வாரம் காலை சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், இரவு சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம். வாரம் இரண்டு, மூன்று நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம் என்ற இடத்துக்கு வந்துசேர ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. சாப்பிட்ட பின் நடப்பது சர்க்கரைக்கும் நேரடியாக உதவும்.

நடையோடு, வாரம் மூன்று நாள் பாயில் சில பயிற்சிகள். கையும் முழங்காலும் ஊன்றி, முதுகைப் பூனைபோல் மேலே வளைத்து, பிறகு கீழே தளரவிடுவது. அதே நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி ஏழெட்டு நொடி நிறுத்தி, பக்கம் மாற்றுவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை போதும். முதல் சில வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினால் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு.

கோலத்தை விட்டுவிட்டீர்கள் என்று படித்தபோது மனது கஷ்டப்பட்டது. நம் பாட்டிமார் கோலம் போடுவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கால் இரண்டையும் அகட்டி, முதுகை வளைக்காமல் நேராக வைத்து, இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கி, ஒரு கையை முழங்கால் மேல் ஊன்றி, மறு கையால் புள்ளி வைப்பார்கள். முதுகைக் காப்பாற்றிக் குனியும் முறை என்று இன்று ஜிம்மில் காசு வாங்கிச் சொல்லித்தருவது இதைத்தான். ஒரே ஒரு சிக்கல், கோலம் விடிகாலை வேலை. படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரம் டிஸ்க்கில் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். நாள்பட்ட வலி உள்ளவர்கள் விடிகாலையில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததை 1998-லேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் எழுந்ததும் காபி போடுங்கள், வீட்டுக்குள் நடமாடுங்கள், அப்புறம் வாசலுக்குப் போங்கள். முதல் மாதம் ஐந்து புள்ளிக் கோலம் போதும். மார்கழிக்குப் பெரிய கோலம் போடலாம்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது தொந்தரவில்லை, அதே அளவில் தொடருங்கள். மறுநாளும் கூடுதலாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பிட்டத்தில் இருந்த வலி மேலேறி முதுகின் நடுவுக்கு வந்தால், அங்கே கொஞ்சம் அதிகமாக வலித்தாலும் நல்ல அறிகுறி. முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்து வேண்டாம், மகளும் வேண்டாம்

கீழ்முதுகுக்குச் செய்வதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிதான் வரும். கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பது வேறு விஷயம். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் பக்கத் துளைகளுக்குள் ஏறிப் போகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். மிக அரிது. கழுத்து நெட்டிக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுவதை அமெரிக்க இதய சங்கம் 2014-இல் எச்சரித்தது. ஏற்கெனவே கிழிசல் தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்காகவே சிலர் கைரோபிராக்டரிடம் போயிருக்கலாம் என்று கனடாவின் ஒன்டாரியோவில் 2008-இல் வந்த ஆய்வு வாதிட்டது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் உங்களுக்குக் கணக்கு எளிது: உங்களுக்குக் கழுத்தில் வலியே இல்லை. இல்லாத வலிக்கு எவ்வளவு சின்ன ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? முடிவெட்டிய கையோடு சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. உங்கள் கணவரிடமும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மகளுக்கு வலி ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 12 வயதுப் பெண்ணுக்கு ஓடி விளையாட நேரம் கொடுங்கள், அதற்கு மேல் சிகிச்சை தேவையில்லை. ஒன்று மட்டும் வீட்டிலேயே பாருங்கள். இரண்டு கையையும் சேர்த்து முன்னால் குனியச் சொல்லி, பின்னால் நின்று பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், அது பக்கவாட்டு வளைவாக இருக்கலாம். அப்போது எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது தாமதிக்கக்கூடாது

சிறுநீர் வராமல் அடைப்பது, தெரியாமலே சிறுநீரோ மலமோ போவது, தொடையின் உட்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. ஒரு இரவு தாமதித்தாலும் நிரந்தர இழப்பு நேரலாம். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டும். அரித்துப்போன எலும்பின் மேல் யாராவது அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதுகைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்காதவரிடம், அவர் கைரோபிராக்டரோ சுளுக்கு எடுப்பவரோ, முதுகைக் கொடுக்காதீர்கள். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குகிறீர்கள், எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கும் காலம். வேறு நோய்க்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கட்டிய பணம்

மீதி 24 முறைக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. 6 முறை செய்தும் நிம்மதி இரண்டு நாளுக்கு மேல் நீளவில்லை என்றால், இன்னும் 24 முறையில் நீளும் என்று நம்பக் காரணமில்லை. பின்னால் எப்போதாவது முதுகு இறுகி நடக்கவே முடியாமல் போனால், பயிற்சியைத் தொடர உதவியாக ஒன்றிரண்டு முறை கைச்சிகிச்சை எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பிசியோதெரபிஸ்ட்டுகளிலும் அதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். அப்போது செய்பவரின் படிப்பு என்ன, எங்கே படித்தார் என்று கேளுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் கைரோபிராக்டர்களுக்கு நீண்ட பட்டப்படிப்பும் உரிமமும் கட்டாயம். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை, நல்ல பட்டம் பெற்றவரும் குறுகிய பயிற்சி முடித்தவரும் ஒரே பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம்.

உங்கள் கணக்குப்படி ஒரு முறைக்கு 1,500 ரூபாய். 6 முறைக்கு 9,000 போக, 6,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். ரசீதையும் பேக்கேஜ் தாளையும் வைத்துக்கொண்டு, சிகிச்சையை நிறுத்துகிறேன், மீதியைத் திருப்பித் தரவும் என்று எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக இருந்தால் இன்னும் நல்லது. ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று தாளில் அச்சடித்திருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு வருடம். எக்ஸ்ரே படங்களையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.